கழுத்தைத் தேய்த்தவள்

அத்தியாயம் பதினொன்று

அந்தப் படிவம் மூன்று நாள் காலண்டருக்குப் பின்னால் செருகியே கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் கொடுத்து அனுப்பியது. பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் வரக்கூடிய அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க வேன் வருகிறதாம். பெயர், வயது, வகுப்பு, எடை. நான்கு கட்டம் வரைக்கும் கலையரசன் எழுதிவிட்டான். ஐந்தாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

‘குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா? இருந்ததா?’

இருந்ததா.

பேனாவை மூடினான். நாளைக்கு எழுதலாம் என்று படிவத்தைச் செருகி வைத்தான். மனைவி அஞ்சலாட்சி போன பிறகு அவன் எல்லாவற்றையும் நாளைக்குத்தான் செய்கிறான்.

அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்ததற்கு ஒன்பது நாள் முன்பு இறந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். மீதிப் பேர் அவரவர் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பது வயதுப் பெண் எதனால் செத்தாள் என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும் அவன் அக்கா தையல்நாயகி பதில் வைத்திருந்தாள்.

“உப்புப் புண்ணு. புரையோடிப் போச்சு.”

மரக்காணத்தில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். உப்புப் பாத்தியில் நிற்கிற காலில் எல்லாம் புண் இருக்கிறது. எல்லார் காலிலும் புண் இருந்ததால்தான் அவள் காலில் இருந்தது ஆறாத புண் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனது. கலையரசனுக்கும் தெரியவில்லை. அவன் கெமிஸ்ட்ரி படித்தவன். உப்பளத்தில் அவனுக்கு வேலையே பாத்தித் தண்ணீரைக் குழாயில் பிடித்து, அடர்த்திமானியை மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று குறிப்பதுதான். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று தினமும் நாற்பது தடவை பார்த்தான். பக்கத்தில் படுத்திருந்தவளின் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை காலண்டருக்குப் பின்னால் படிவம் இல்லை. அதையும் அவன் கவனிக்கவில்லை. விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டான்.

மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பிட வந்தபோது மகள் பூவிழி வீட்டில் இருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூட நேரத்தில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு.

“ஏன் வந்துட்ட?”

“பார்த்து முடிச்ச புள்ளைங்களை எல்லாம் வூட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

“ஜுரமா? துண்டு எதுக்கு?”

“எரியுதுப்பா.”

துண்டை எடுத்தான்.

பிடரியில் காதுக்குக் காது தோல் வழன்றிருந்தது. சில இடத்தில் சிவப்பு. சில இடத்தில் ரத்தம் பொடிப்பொடியாக உறைந்திருந்தது. எலுமிச்சை வாசனை அடித்தது.

“யார் பண்ணது?”

பூவிழி துண்டைத் திரும்பப் பிடுங்கப் பார்த்தாள்.

“பூவு, யார் பண்ணது?”

“அத்தை. நாரு வச்சுத் தேய்ச்சாங்க. போவுல, போவுலன்னு அப்பறம் கல்லு உப்பு போட்டுத் தேய்ச்சாங்க. நேத்தும் தேய்ச்சாங்க. இன்னிக்குக் காலையிலயும்.”

“எதுக்கு?”

“கழுத்து கறுப்பா இருந்தா தனியா நிக்க வச்சுடுவாங்களாம்.”

“வேன்காரங்க பார்த்தாங்களா?”

“பார்த்தாங்க. ஒரு அண்ணன் காலரை இழுத்துப் பார்த்துட்டு, சொறிஞ்சுக்கினியான்னு கேட்டாரு. தலையாட்டினேன். ‘நீ போ’ன்னுட்டாரு.” மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். “எல்லாருக்கும் பிஸ்கட் குடுத்தாங்க.”

கிரீம் பிஸ்கட். சர்க்கரை பார்க்க வந்தவர்கள் கொடுத்தது. பொட்டலத்தில் பாதி காலி.

கலையரசன் துண்டை நனைத்துப் பிழிந்து மறுபடி அவள் கழுத்தில் போட்டான். தனக்கு என்ன ஆகிறது என்று அவனுக்கு உடனே விளங்கவில்லை. பதினான்கு மாதமாகச் சோறு ருசிக்கவில்லை, வெயில் உறைக்கவில்லை. இப்போது காது மடலிலிருந்து நெற்றிப்பொட்டு வரை சுடுகிறது.

கோபம். அதன் பெயர் அவனுக்கு மறந்தே போயிருந்தது.

பின்கட்டு பொதுவானது. இந்தப் பக்கம் அவன் வீடு, அந்தப் பக்கம் அக்கா வீடு. துவைக்கிற கல்லின் மேல் பித்தளைத் தட்டுகளைப் பரப்பி, புளியும் சாம்பலும் வைத்துத் தையல்நாயகி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து அவள் மகள் சரண்யாவுக்குப் பூ வைக்கிறார்கள். தையல்நாயகியின் புருஷன் கண்ணாயிரம் சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் திண்டிவனம் பக்கம் போயிருந்தான்.

“அக்கா.”

“வந்துட்டியா? குழம்பு அடுப்பு மேல இருக்குது. போட்டுச் சாப்புடு. என் கையெல்லாம் புளி.”

“அவ கழுத்தை என்ன பண்ண?”

தேய்க்கிற கை நிற்கவில்லை. “குளிப்பாட்டினேன்.”

“தோலை உரிச்சு வச்சிருக்க.”

“அழுக்குடா. வருசக் கணக்குல ஏறிக் கெடக்குது. ரெண்டு தேய்ப்புல போவுமா?”

“அது அழுக்கு இல்லக்கா. படிவத்துலயே போட்டிருக்குது.”

“உனக்குத் தெரியுமா? நீ என்னிக்கு அவளைக் குளிப்பாட்டின? போன திங்கக்கிழமை பிரேயர்ல அந்த ஹெச்செம் அம்மா சொல்லியிருக்குது, வேன் வர்ற அன்னிக்குக் கழுத்தெல்லாம் சுத்தமா இருக்கணும், கறுப்பா இருக்கிறவங்களைத் தனியா நிறுத்துவாங்கன்னு. மொத்தத் தெருவும் தேய்ச்சுச்சு. நான் மட்டும் வுட்டா இன்னா பேசுவாளுங்க? தாயில்லாப் புள்ளை, அத்தைக்காரி வச்சு வளர்க்கிற லட்சணத்தைப் பாரு, கழுத்துல அரை இஞ்சு அழுக்குன்னு பேச மாட்டாளுங்க?”

அவள் குரல் உடைந்தது. அதை அவன் காதில் வாங்கவில்லை.

“படிவம் எங்க?”

இப்போது கை நின்றது.

“குடுத்தனுப்பிட்டேன்.”

“அஞ்சாவது கட்டத்துல இன்னா எழுதின?”

“நான் எங்க எழுதினேன். எனக்கு எழுதவா தெரியும்?”

“யார் எழுதினா?”

அக்கா வீட்டு வாசற்படியில் சரண்யா நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. மாசி வெயிலில் சுவரே வியர்க்கிறது, அவள் மட்டும் துப்பட்டாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி ஊக்குக் குத்தியிருந்தாள். எப்போதும் அப்படித்தான். தினமும் காலையில் பூவிழிக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறவள் அவள்தான்.

“நான்தான் மாமா எழுதினேன். ‘இல்லை’ன்னு.”

“ஏன்?”

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“அவளை ஏன்டா கேக்கிற? நான் எழுதச் சொன்னேன்” என்றாள் தையல்நாயகி.

“அஞ்சலாட்சி எதுல செத்தா?”

“உப்புப் புண்ணு.”

“உப்புப் புண்ணுல எவனாவது செத்திருக்கானா? உன் கால்ல இல்ல? மாமா கால்ல இல்ல? ஆஸ்பத்திரியில நீயும்தானே நின்ன? சர்க்கரை நானூத்தி முப்பதுன்னு அந்த டாக்டர் சொன்னப்போ என் பக்கத்துல நின்னது யாரு?”

“கத்தாதடா.”

“கத்துவேன்.”

“கத்து. நல்லா கத்து. பெருமுக்கல் வரைக்கும் கேக்கட்டும்.” எழுந்துவிட்டாள். கையிலிருந்து புளித்தண்ணீர் சொட்டியது. “அவ உனக்குப் பொண்டாட்டி. என் பொண்ணுக்கு யாரு? அப்பன்கூடப் பொறந்த அத்தை. என்னை அந்த வூட்டுக்குக் குடுத்துட்டு அந்த வூட்டுப் பொண்ணையே உனக்கு எடுத்தாங்க. ரெண்டு வூட்லயும் ஓடுறது ஒரே ரத்தம். அஞ்சலாட்சிக்குச் சர்க்கரைன்னு நீ எழுதினா, அது சரண்யா நெத்தியில எழுதின மாதிரி. ஏற்கெனவே ரெண்டு இடம் வந்து பார்த்துட்டுப் போனவனுங்க திரும்பி வரல. மூணாவது இது. நாலு நாள்டா. நாலே நாள் வாயை மூடிக்கினு இரு. பூ வச்சுட்டுப் போவட்டும். அப்பறம் உன் பொண்ணை எங்க வேணா கூட்டிக்கினு போயி எந்த ரத்தம் வேணா பாரு.”

நாலு நாள்.

இதே பின்கட்டில் அஞ்சலாட்சி காலைத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க என்றாள். மழை ஓய்ந்த இடைவெளியில் மிச்ச உப்பை வாரிக்கொண்டிருந்த நேரம். நாலு நாள் பொறு, வாரி முடிச்சதும் போலாம் என்று சொன்னவன் அவன்தான். அக்கா சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. அவன் சொன்னான்.

அந்தக் கோபமும் இந்தக் கோபமும் ஒன்றாகக் கலந்தன. எது யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை.

“வேன் எத்தனை மணிக்குப் போவும்?” என்று சரண்யாவைக் கேட்டான்.

“மூணு மணிக்கு மாமா. அடுத்த வருசம்தான் திரும்ப வரும்னு சொன்னாங்க.”

“டேய், அங்க அரசப்பன் இருப்பாருடா!” தையல்நாயகி பின்னாலேயே ஓடிவந்தாள். “டேய் தம்பி!”

அவன் பூவிழியைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துவிட்டான்.

உப்பளத்து ரோட்டில் நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் குத்தின. காற்று உப்பை வாரிக்கொண்டு வந்தது. பூவிழி துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“எரியுதா?”

“காத்து பட்டா எரியுது.”

இன்னும் வேகமாக மிதித்தான்.

“அப்பா.”

“இன்னா?”

“அத்தையைத் திட்டாதப்பா. அழுதுக்கினேதான் தேய்ச்சாங்க.”

அவன் சைக்கிளைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பினான்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் பெரிய பேனர். அதில் சிரிக்கிற பிள்ளைகள் ஒருவரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இல்லை. கடல் வந்துபோனதிலிருந்து இந்தக் கரைக்கு எத்தனையோ வேன்கள் வந்துவிட்டன. பாய் கொடுத்த வேன், பாத்திரம் கொடுத்த வேன், மனசு எப்படி இருக்கிறது என்று கேட்ட வேன். எல்லா வேனும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனது.

இதுவும் எடுத்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் பத்தொன்பது பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் புறங்கையிலும் நீல மையில் பெருக்கல் குறி. காம்பவுண்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் கத்தினார்கள்.

“ஏய், கறுங்கழுத்து! கறுங்கழுத்து!”

வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை சட்டைக் காலரை மேலே மேலே இழுத்துவிட்டுக்கொண்டது.

மேசைக்கு முன்னால் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இளைஞன் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நர்ஸ் மேரிசெல்வி. கீழ்புத்துப்பட்டுக்காரி, இந்தப் பக்கத்துக்கு ஊசி போட வருகிறவள். இன்று முகாமுக்கு உதவியாக வரச் சொல்லியிருந்தார்கள்.

“சார், எம் பொண்ணுக்கு ரத்தம் பார்க்கணும்.”

இளைஞன் பெயரைக் கேட்டு, கட்டைப் புரட்டிப் பார்த்தான். “பூவிழி, அஞ்சாவது. ஸ்கிரீனிங்ல பாஸ் ஆயிட்டா சார். நோ ப்ராப்ளம்.”

“எம் பொண்ணு இங்க பரீட்சையா எழுத வந்துச்சு?”

“இல்ல சார், ரூல் என்னன்னா...”

“இந்தக் கழுத்தைப் பாருங்க. உங்க ஆள்தானே பார்த்துட்டுப் போன்னு அனுப்பினது? ஒரு புள்ளை பிடரித் தோல் இல்லாம வந்து நிக்குது. சொறிஞ்சுக்கினியான்னு கேட்டு அனுப்பியிருக்கீங்க. இப்படி எந்தப் புள்ளையாவது சொறிஞ்சுக்குமா?”

துண்டை உருவினான். இளைஞன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேரிசெல்வி எழுந்து வந்தாள். பிள்ளையைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள்.

“உப்பா?”

“ஆமா.”

“இதோட அஞ்சாவது புள்ளை.” அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இளைஞனைப் பார்த்தாள். “நான் காலையிலேயே சொன்னேன் இல்ல சார்? நாலு புள்ளைங்க தேய்ச்சுத் தேய்ச்சு வந்திருக்குதுங்க, ஏதோ தப்பா சொல்லியிருக்காங்கன்னு. நீங்க டைம் இல்ல, டைம் இல்லன்னீங்க. முடியைத் தூக்கிக் கட்டி, கழுத்து தெரியிற மாதிரி அனுப்பச் சொல்லித்தான் லெட்டர்ல இருந்துச்சு. அதைச் சுத்தமா அனுப்புங்கன்னு ஆக்கி, தனியா நிறுத்துவோம்னு வேற பயம் காட்டினா, எந்தத் தாய் சும்மா இருப்பா? எந்தக் கழுத்தைப் பார்க்கணுமோ அதையே உரிச்சு அனுப்பிட்டாங்க.”

பிறகு கலையரசனிடம் திரும்பினாள். “இது அழுக்கு இல்லீங்க. உடம்புல இன்சுலின் எக்கச்சக்கமா சுரந்தும் வேலைக்கு ஆவலன்னா, தோலு இப்படிக் காட்டிக் குடுக்கும். தேய்ச்சா தோலுதான் போவும், உள்ள இருக்கிறது போவாது. பூவிழி, கையைத் தூக்கும்மா.”

பூவிழி கையைத் தூக்கினாள். மேரிசெல்வி சட்டைக் கையை விலக்கினாள். அக்குளில், வெல்வெட் துணியை ஒட்டவைத்தது போலக் கறுப்பு.

“கழுத்தைத் தேய்ச்சவங்க இதை மறந்துட்டாங்க” என்றாள்.

இளைஞனுக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் காகிதத்தை விடவில்லை. “சிஸ்டர், மூணுல ரெண்டு இருக்கணும். எடை, தோல், குடும்பம். எடை நார்மல். தோலை ஒத்துக்கறேன். ஃபேமிலியில யாருக்கும் இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப். நான் கணக்கு சொல்லணும்.”

“யார் வூட்டுப் புள்ளைப்பா? என்ன தகராறு?”

சத்துணவுக் கூடத்திலிருந்து கரண்டியும் கையுமாக அரசப்பன் வந்தார். இந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். பெருமுக்கல் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. சரண்யாவை முதலில் பார்த்துப் பிடித்துப்போய், அண்ணன் வீட்டில் சொன்னவரே அவர்தான்.

“அட, ஏம்பா கலை! ஞாயித்துக்கிழமை சம்பந்தி ஆவப் போறோம், வெயில்ல நின்னு சண்டை போட்டுக்கினு இருக்கியே. வா, மோர் இருக்குது.”

கலையரசன் அவரைப் பார்த்தான். நல்ல மனுஷன். முகத்தில் சிரிப்பு.

படிவத்தில் சரண்யாவின் குண்டு குண்டான கையெழுத்து தெரிந்தது. இல்லை. அந்தக் கைதான் இன்று காலையும் பூவிழிக்கு இரட்டைப் பின்னல் போட்டது. எரிகிற கழுத்தில் முடி உரசாமல் இருக்கட்டும் என்று தூக்கி மடித்துக் கட்டியிருந்தது. அதையும் அவன் இப்போதுதான் கவனித்தான்.

வேன் டிரைவர் கதவைச் சாத்தி, இன்ஜினைப் போட்டான்.

“எழுதிக்குங்க” என்றான் கலையரசன்.

“என்ன சார்?”

“எம் பொண்டாட்டி சர்க்கரையில செத்தா. இருபத்தொம்பது வயசு. கால்ல புண்ணு ஆறல. காலை எடுக்கணும்னாங்க. எடுக்கிறதுக்குள்ள செத்துட்டா. சர்க்கரை இருக்குதுன்னு சாவுறதுக்கு மூணு நாள் முன்னாடிதான் எங்களுக்கே தெரியும். ஏன்னா ஒருத்தனும் அதுக்கு முன்னாடி பார்க்கல. நானும் பார்க்கல. அந்த ‘இல்லை’யை அடிச்சுட்டு எழுதுங்க. பேரு அஞ்சலாட்சி.”

அவன் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பது நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. காம்பவுண்டுக்கு வெளியே கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள்.

அரசப்பன் கரண்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“அஞ்சலாட்சின்னா... கண்ணாயிரத்தோட கூடப் பொறந்ததுதானே?”

“ஆமாங்க.”

“உப்புப் புண்ணுன்னு சொன்னாங்க.”

“சொன்னாங்க.”

அரசப்பன் கரண்டியைச் சத்துணவுக் கூடத்துத் திண்டில் வைத்தார். வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார். மரத்தடியில் நின்ற டி.வி.எஸ். வண்டியை எடுத்தார்.

மேரிசெல்வி பூவிழியின் விரலைப் பஞ்சால் துடைத்தாள். “அங்க பார்க்காத. என்னைப் பாரு. இன்னா சாப்ட?”

“சாம்பார் சோறு. அப்பறம் பிஸ்கட்டு.”

“காலையில?”

“ஒண்ணும் சாப்புடல. டீதான்.”

“டீ சாப்பாட்டுக் கணக்குல வராதா? எத்தனை ஸ்பூன் சர்க்கரை?”

“மூணு.”

ஊசி குத்தியது. பூவிழி கத்தவில்லை. டி.வி.எஸ். சத்தம் கேட்டைத் தாண்டி, உப்பளத்து ரோட்டில் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. அது போன திசையில்தான் அக்கா வீடு. அதற்கு அப்பால் பெருமுக்கல்.

சின்னப் பெட்டியில் எண் வந்தது.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

கலையரசன் எண்களோடு பிழைக்கிறவன். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றாள் மேரிசெல்வி. குரல் தணிந்திருந்தது. “பிஸ்கட்டைத் தின்ன வச்சுட்டுப் பார்த்தா எப்படி? ஆனா சும்மா வுடுற நம்பரும் இல்ல. வெள்ளிக்கிழமை காலையில புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு வாங்க. வெறும் வயித்துல ஒரு தடவை, அவங்க குடுக்கிறதைக் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை. டீ கூடாது. இங்க யாரும் டீயைச் சாப்பாட்டுல சேர்க்கிறது இல்ல. தண்ணி மட்டும். சீக்கிரம் பார்த்துட்டோம். இது நல்ல விஷயம், புரியுதா? பார்க்காம வுடுறதுதான் கெட்ட விஷயம்.”

சீட்டை எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தாள்.

“அம்மா வழியில கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

“அண்ணன் இருக்காரு.”

“அவரும் வரணும். அவரோட புள்ளைங்களும். எல்லாரும் வெறும் வயித்துல.”

திரும்பும்போது அவன் மெதுவாக மிதித்தான். கோபம் போகவில்லை. ஆனால் இப்போது அதற்கு ஒரு நாள் இருந்தது, ஒரு நேரம் இருந்தது. வழியில் டீக்கடையில் பூவிழிக்கு இளநீர் இருக்கிறதா என்று கேட்டான். அது குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், வாங்காமலே வந்துவிட்டான்.

பின்கட்டில் தட்டுகள் அப்படியே கிடந்தன. பாதி பளபளத்தது, பாதியில் புளி காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவில் தையல்நாயகி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டுப் போனாரு” என்றாள். தலை நிமிரவில்லை. “வண்டியை வுட்டு எறங்கல. ‘எங்களைக் கேணைங்கன்னு நெனச்சிங்களாம்மா’ன்னு கேட்டாரு. அவ்ளோதான். அண்ணன்கிட்ட சொல்லிட்டு வர்றேன்னு போயிட்டாரு.”

கலையரசன் சீட்டை நீட்டினான். “நூத்தித் தொண்ணூத்திரண்டு.”

“என் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டு வந்து நம்பர் சொல்றியா?”

“உன் பொண்ணு பேரும் இதுல இருக்குது. வெள்ளிக்கிழமை நீ, மாமா, சரண்யா எல்லாரும் வர்றீங்க.”

தையல்நாயகி ஒரு தட்டை எடுத்து எறிந்தாள். அது சுவரில் பட்டு, வட்டமடித்து வட்டமடித்து, வெகுநேரம் கழித்து அடங்கியது. “போடா! அவ எதுக்கு வரணும்? அவளுக்கு இன்னா கேடு? அவ நல்லாத்தான் இருக்கா. தங்கம் மாதிரி இருக்கா!”

“அம்மா.”

சரண்யா வாசற்படியில் நின்றாள். கழுத்தில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. துப்பட்டா கையில் வந்தது. முடியை வாரி முன்னால் போட்டுக்கொண்டு, மாமனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

பிடரி முழுக்கக் கறுப்பு. அதன் நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். பழைய காயம் ஆறிய தழும்பு.

“பதினாலு வயசுலேருந்து எனக்கும் தேய்ச்சாங்க மாமா. நாரு, உப்பு, ஒரு தடவை செங்கல் தூளு. போகல. அதுக்கப்பறம்தான் துப்பட்டா.” துப்பட்டாவைக் கீழே நழுவ விட்டாள். “அந்தப் படிவத்துல, சர்க்கரை வரக்கூடியவங்களுக்குக் கழுத்து கறுப்பா இருக்கும்னு போட்டிருந்துச்சு. படிச்சேன். படிச்சுட்டுத்தான் ‘இல்லை’ன்னு எழுதினேன். பூவு கழுத்துல உப்பு போட்டப்போ கையைப் புடிச்சுக்கினதும் நான்தான்.”

பூவிழி போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

கலையரசன் அக்காவைப் பார்த்தான். அவளைக் கேட்க அவனிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புளியில் ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன கைகள்.

“அழுக்குன்னுதான்டா நெனச்சேன்” என்றாள். “சத்தியமா அழுக்குன்னுதான் நெனச்சேன்.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டுப் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. டி.வி.எஸ். நெருங்கி, வாசலில் வந்து நின்றது. ஒருவர் இறங்குகிற சத்தம். பின்னாலிருந்து இன்னொருவர்.

“யாரும்மா வூட்ல?” அரசப்பனின் குரல். “பையனே நேர்ல வந்திருக்கான். பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம்.”

தையல்நாயகி பதறி எழுந்தாள். கீழே கிடந்த துப்பட்டாவை எடுத்து, மகள் கழுத்தில் போடக் கையை நீட்டினாள்.

சரண்யா அதை வாங்கி, மடித்து, துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். முடியை உயர்த்திக் கொண்டை போட்டாள். பிறகு வாசலுக்குப் போனாள்.